ஹார்மோன் தொடங்கும் முன்: திருநங்கைகளும் திருநம்பிகளும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நான் திருநங்கை. ஹார்மோன் எடுக்கத் தொடங்கி ஒன்பது வருடம் ஆகிறது. கடைசி ஐந்தாறு வருடமாக, புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு ஆஸ்பத்திரித் துணையாகப் போய் வருகிறேன். ஓ.பி. வரிசையில் நிற்கும்போதும், திரும்பி வரும் பஸ்ஸிலும், ராத்திரி பதினொரு மணிக்கு வாட்ஸ்அப்பிலும் என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். நான் டாக்டர் இல்லை. உங்களுக்கு எந்த மருந்து, எத்தனை மில்லிகிராம் என்பதை உங்கள் ரத்தப் பரிசோதனையைப் பார்த்து ஒரு டாக்டர்தான் சொல்ல முடியும். அவர் சொல்வது உங்களுக்குப் புரிய வேண்டும், அவரிடம் என்ன கேட்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். அதற்காகத்தான் இந்தப் பக்கம்.

ஹார்மோன் எடுத்தா உடம்புக்குள்ள என்னதான் நடக்குது?

பன்னிரண்டு, பதிமூன்று வயதில் உடம்பு ஒரு முறை மாறியது நினைவிருக்கிறதா? குரல் உடைந்தது, அல்லது மார்பு வளர்ந்தது. அதைச் செய்தவை டெஸ்டோஸ்டிரோனும் ஈஸ்ட்ரோஜனும். இப்போது மருந்து வழியாக மற்ற ஹார்மோனைக் கொடுக்கும்போது, உடம்பு இரண்டாவது முறை பருவத்துக்கு வருகிறது. முதல் பருவம் ஒரு மாதத்தில் முடிந்துவிடவில்லை, இதுவும் முடியாது. நான்கைந்து வருடம் நடக்கிற வேலை இது.

திருநங்கைகளுக்குப் பெரும்பாலும் இரண்டு மருந்து: ஒன்று எஸ்ட்ரடையால் (ஈஸ்ட்ரோஜனில் ஒரு வகை), மற்றது டெஸ்டோஸ்டிரோனை அடக்குகிற மருந்து. திருநம்பிகளுக்கு, அதாவது பிறந்தபோது பெண் என்று சொல்லப்பட்ட ஆண்களுக்கு, டெஸ்டோஸ்டிரோன் மட்டுமே போதும். அது தானாகவே மற்றதை அடக்கிவிடும்.

யாரைப் போய்ப் பார்க்கணும்?

எண்டோகிரைனாலஜிஸ்ட், அதாவது நாளமில்லாச் சுரப்பி மருத்துவர். சர்க்கரை, தைராய்டு பார்க்கிற அதே டாக்டர்தான். சென்னையில் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும், மதுரை அரசு இராசாசி மருத்துவமனையிலும் நமக்கென்று தனி கிளினிக் நடக்கிறது. மனநலம், ஹார்மோன், அறுவை சிகிச்சை டாக்டர்களை அங்கே சேர்ந்தாற்போல் பார்க்கலாம். எந்தக் கிழமை என்று விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். தூரத்து ஊரிலிருந்து விடிய விடிய பஸ்ஸில் வந்து, "இன்னிக்கு இல்லம்மா, அடுத்த வாரம் வாங்க" என்று கேட்டுத் திரும்பிப் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இது யாரும் நமக்குப் போடுகிற பிச்சை இல்லை. 2014 ஏப்ரல் 15 அன்று நால்சா (தேசிய சட்டப் பணிகள் ஆணையம்) தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் நம் அடையாளத்தை அங்கீகரித்தது. 2019-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்தில், ஹார்மோன் சிகிச்சைக்கும் அதற்கு முன்னும் பின்னுமான கவுன்சலிங்குக்கும் ஏற்பாடு செய்ய வேண்டியது அரசின் கடமை என்று எழுதியிருக்கிறார்கள்.

எனக்குப் பைத்தியமா? ஏன் மனநல டாக்டர்கிட்ட அனுப்புறாங்க?

இந்தக் கேள்வியைக் கேட்கும்போது நிறைய பேருக்குக் கண் கலங்கிவிடுகிறது. பைத்தியம் இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலின் 11-வது பதிப்பு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதில் நம் விஷயத்தை மனநோய்களின் அத்தியாயத்திலிருந்து எடுத்து, பாலியல் நலம் பற்றிய அத்தியாயத்தில் வைத்துவிட்டார்கள்.

பிறகு ஏன் மனநல டாக்டருக்குச் சீட்டு எழுதுகிறார்கள்? உங்களுக்கு என்ன நடக்கப் போகிறது என்று உங்களுக்குப் புரிகிறதா, எது திரும்பி வராது என்று தெரியுமா, கடுமையான மனச்சோர்வு ஏதாவது இருந்தால் அதற்கும் சேர்த்து வைத்தியம் வேண்டுமா என்று பார்க்கிறார்கள். நல்ல டாக்டராக இருந்தால் அந்த ஒரு மணி நேரம் உங்களுக்கே உதவியாக இருக்கும்.

ஆனால் ஒருவர் "இதெல்லாம் மாத்திடலாம், மருந்து தரேன், கல்யாணம் பண்ணி வைங்க" என்று உங்கள் அம்மா அப்பாவிடம் சொன்னால், அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள். 2021 ஜூனில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் அப்படிப்பட்ட 'மாற்றும் சிகிச்சை'யைத் தடை செய்ய உத்தரவிட்டார். அந்த வழக்கின் தொடர்ச்சியாக, 2022-ல் தேசிய மருத்துவ ஆணையம் அதைத் தொழில் ஒழுங்கீனம் என்று அறிவித்தது. அதைச் செய்கிற டாக்டர்தான் பதில் சொல்ல வேண்டும், நீங்கள் இல்லை.

எனக்கு 16 வயசு. இப்பவே ஆரம்பிக்கலாமா?

18 முடியும் வரை உங்கள் கையெழுத்து மட்டும் போதாது, தங்கம். இந்த இரண்டு வருடம் எவ்வளவு நீளமாகத் தெரியும் என்று எனக்குத் தெரியும். கவுன்சலிங்குக்கு இப்போதே போகலாம். கடையில் தானாக வாங்கிப் போட மட்டும் வேண்டாம். உயரமும் எலும்பும் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிற வயது இது. படிப்பை விடாதீர்கள். வீட்டை விட்டு வந்தபின் நம்மில் பலருக்குக் கிடைக்காமல் போனது அதுதான்.

(திருநங்கை) முதல் மாத்திரை போட்டதும் என்ன தெரியும்?

ஒன்றும் தெரியாது. முதல் நாள் நான் கண்ணாடி முன்னால் அரை மணி நேரம் நின்றேன். முகம் அப்படியேதான் இருந்தது.

முதல் மூன்று மாதத்துக்குள் மாற்றம் உள்ளே தொடங்கும். பாலுணர்வு குறையும், காலையில் தானாக வரும் விறைப்பு நின்றுபோகும். இதில் சிலருக்கு நிம்மதி, சிலருக்குத் துணைவரோடு பேச வேண்டிய விஷயம். மூன்றிலிருந்து ஆறு மாதத்தில் தோல் மிருதுவாகும், எண்ணெய் வழிவது குறையும், வியர்வையின் வாசனைகூட மாறும். அந்தச் சமயத்தில்தான் ஒருநாள் சட்டை மாற்றும்போது காம்புக்குக் கீழே புளியங்கொட்டை அளவில் கெட்டியாக ஒன்று கைக்குத் தட்டுப்படும். தொட்டால் வலிக்கும். குப்புறப் படுக்க முடியாது, பஸ் கூட்டத்தில் யாராவது முழங்கை பட்டால் உயிர் போகும். பயப்படாதீர்கள், அது கட்டி இல்லை. மார்பு வளரத் தொடங்கியிருக்கிறது. ஒரு பக்கம் முந்தும், ஒரு பக்கம் பிந்தும். பெண்பிள்ளைகளுக்கும் அப்படித்தான். முழு வளர்ச்சிக்கு இரண்டு மூன்று வருடம், சிலருக்கு ஐந்து வருடம்கூட ஆகும்.

இடுப்பு, தொடை, கன்னம் ஆகியவற்றில் கொழுப்பு சேர்வதும் ஆறு மாதத்துக்குள் தொடங்கி வருடக்கணக்கில் நடக்கும். கை கால் பலம் குறையும். தண்ணீர்க் குடத்தை முன்போல ஒரே தூக்கில் தூக்க முடியவில்லை என்பதை வைத்துத்தான் நான் அதைக் கண்டுபிடித்தேன். விதைப்பை சுருங்கும். உடம்பு முடி மெலிந்து, வளர்வது மெதுவாகும். அதற்கு மூன்று வருடத்துக்கு மேல் ஆகலாம்.

மார்பு எவ்வளவு வரும் என்று யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. நிறைய பேருக்குச் சிறியதாகத்தான் வரும். அடுத்தவள் இன்ஸ்டாகிராமில் போடும் படத்தோடு ஒப்பிட்டு அழாதீர்கள். அந்த வெளிச்சமும் கோணமும் வேறு.

எதெல்லாம் மாறாது?

குரல் மாறாது. உடைந்த குரலை ஈஸ்ட்ரோஜன் திருப்பிக் கொடுக்காது; குரல் பயிற்சிதான் முதல் வழி. தினம் பதினைந்து நிமிடம், பல மாதம். தாடி, மீசை முடி மெலியலாம், ஆனால் போகாது. லேசர் அல்லது எலக்ட்ராலிசிஸ் (மின்சாரத்தால் முடி வேரை அழிப்பது) வேண்டும். உயரம், தோள் எலும்பு, கை கால் அளவு அப்படியேதான் இருக்கும். முன்தலை வழுக்கை மேலும் பரவாமல் நிற்கும். போன முடி எல்லாம் திரும்பும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

ரெண்டு மாத்திரையா போட்டா சீக்கிரம் மாறுமா?

மாறாது. நான் இந்தப் பக்கம் முழுவதிலும் ஒன்றையே மறுபடி மறுபடி சொல்வதாகத் தோன்றினால், அது இதைத்தான்.

உடம்பின் செல்களில் ஈஸ்ட்ரோஜன் போய் உட்காருகிற இடங்கள் ஒரு கணக்குக்கு உட்பட்டவை. அவை நிறைந்தபின் மீதி ரத்தத்தில் சுற்றி, ரத்தம் உறைகிற ஆபத்தைத்தான் கூட்டும். பருவ வயதுப் பெண்ணின் உடம்பே கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஈஸ்ட்ரோஜனை ஏற்றுகிறது. அதனால் டாக்டர்கள் பொதுவாக எஸ்ட்ரடையால் வேலரேட் 2 மில்லிகிராம் போலக் குறைவாகத் தொடங்கி, ரத்தத்தில் அளவு பார்த்துக் கூட்டுவார்கள். என்னோடு கூட இருந்த ஒருத்தி கூவாகம் திருவிழாவுக்குள் மார்பு வந்துவிட வேண்டும் என்று மூன்று மாத மாத்திரையை ஒரே மாதத்தில் விழுங்கினாள். மார்பு வரவில்லை. கால் வீங்கி எமர்ஜென்சி வார்டில் கிடந்தாள். பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து அந்தக் காலை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கெண்டைக்கால் பளபளவென்று, கை வைத்தால் சுட்டது.

மாலா-டி போட்டா போதும்னு அக்காமாருங்க சொல்றாங்களே?

அவர்கள் காலத்தில் அதைத் தவிர வேறு எதுவும் கைக்கு எட்டவில்லை. டாக்டர் தொடமாட்டார், மருந்துக் கடைக்காரர் முறைப்பார்; கருத்தடை மாத்திரை மட்டும் மலிவாகக் கிடைத்தது. அதை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்தது அன்பினால்தான். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

ஆனால் அந்த அட்டையைத் திருப்பிப் பாருங்கள். 28 மாத்திரையில் 21-ல்தான் ஹார்மோன் இருக்கிறது. மீதி 7 வெறும் இரும்புச் சத்து. அந்த 21-லும் இருப்பது எதினைல் எஸ்ட்ரடையால் என்கிற செயற்கை ஈஸ்ட்ரோஜன். கல்லீரலை அதிகம் தூண்டி ரத்தம் உறைய வைப்பதால், நம் சிகிச்சையில் அதைப் பயன்படுத்தக் கூடாது என்று உலகம் முழுக்க டாக்டர்கள் ஒதுக்கிவிட்டார்கள். கூடவே இருக்கும் லெவோநார்ஜெஸ்ட்ரல் சிலருக்கு முகப்பருவைக் கூட்டும். நாம் நாலைந்து மாத்திரையாக விழுங்கும்போது ஆபத்தும் அத்தனை மடங்கு. எஸ்ட்ரடையால் நம் உடம்பில் இயற்கையாக இருக்கும் அதே ஹார்மோன். மாத்திரையாகவும் தோலில் தடவும் ஜெல்லாகவும் வருகிறது. நாற்பது வயது தாண்டியவர்கள், புகைப்பவர்கள், பருமனானவர்கள் ஜெல் பற்றி டாக்டரிடம் கேளுங்கள். தோல் வழியாகப் போகும் ஈஸ்ட்ரோஜனில் உறையும் ஆபத்து குறைவு.

எந்த அறிகுறி வந்தா உடனே ஓடணும்?

ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாகி, கெண்டைக்காலில் வலித்தால். திடீரென்று மூச்சு முட்டினால், நெஞ்சு வலித்தால். முகம் ஒரு பக்கம் இழுத்தால், பேச்சு குழறினால், கண் பார்வை மங்கினால். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். போனதும் "நான் ஈஸ்ட்ரோஜன் எடுக்கிறேன்" என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். வெட்கப்பட்டு மறைத்தால் அவர்கள் வேறு எதையோ தேடிக்கொண்டிருப்பார்கள்.

பீடி, சிகரெட்டை விட முடிந்தால் விடுங்கள். மும்பை, டெல்லி என்று ரயிலில் நெடுந்தூரம் போகும்போது எழுந்து நடங்கள், தண்ணீர் குடியுங்கள். எந்த ஆபரேஷனாக இருந்தாலும், பல் ஆபரேஷனானாலும், டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ஸ்பைரனோலாக்டோன் எழுதியிருக்காங்க. அடிக்கடி ஒண்ணுக்கு வருதே?

வரும். அது முதலில் ரத்தக் கொதிப்புக்கும் நீர் வெளியேறவும் கண்டுபிடித்த மருந்து. டெஸ்டோஸ்டிரோனைத் தடுப்பது அதன் இன்னொரு குணம். எழுந்து நின்றால் தலை சுற்றலாம். வெளியே போனால் எந்தக் கழிப்பறைக்குப் போவது என்ற பயத்தில் நம்மில் பலர் தண்ணீரே குடிப்பதில்லை. இந்த மாத்திரை போட்டுக்கொண்டு, கத்திரி வெயிலில், தண்ணீர் குடிக்காமல் இருந்தால் மயங்கித்தான் விழுவீர்கள். போகிற வழியில் தெரிந்த கடை, தெரிந்த வீடு என்று இரண்டு மூன்று இடத்தை மனதில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். காலையில் போட்டால் ராத்திரி தூக்கம் கெடாது.

இன்னொன்று: இது உடம்பில் பொட்டாசியத்தைத் தேக்கும். அளவு மீறினால் இதயத் துடிப்பையே கெடுத்துவிடும். அதனால்தான் ரத்தத்தில் பொட்டாசியமும் சிறுநீரகமும் பார்க்கிறார்கள். இளநீரில் பொட்டாசியம் நிறைய இருக்கிறது. எப்போதாவது ஒன்று குடிக்கலாம். வெயிலுக்கு நல்லது என்று தினம் இரண்டு மூன்று வேண்டாம். கொதிப்புக்காரர்களுக்கென்று கடையில் விற்கும் சோடியம் குறைந்த உப்பிலும் பொட்டாசியம்தான் இருக்கும். அதைத் தவிர்த்துவிடுங்கள்.

சிலருக்கு இதற்குப் பதில் சைப்ரோடெரோன் எழுதுவார்கள். அதில் தினம் 10 மில்லிகிராம் அளவே பெரும்பாலும் போதுமானது. அதிக அளவில் வருடக்கணக்கில் எடுத்தால் மூளை உறையில் கட்டி வரும் ஆபத்து கூடுகிறது. கல்லீரலையும் கவனிக்க வேண்டும், சிலருக்கு மனது மிகவும் சோர்ந்துபோகும். உங்கள் சீட்டில் 50, 100 என்று இருந்தால் ஏன் என்று தயங்காமல் கேளுங்கள்.

(திருநம்பி) டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டா எவ்வளவு நாள்ல மாறும்?

தம்பிகளே, உங்களுடையது எங்களுடையதைவிட வேகமான வண்டி. இந்தப் பகுதியை எழுதும்போது ஒரு திருநம்பித் தம்பியைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கேட்டுக் கேட்டு எழுதினேன்.

முதல் ஆறு மாதத்துக்குள் தோல் எண்ணெய் வழிந்து முகப்பரு வெடிக்கும், பசி எடுக்கும், பாலுணர்வு கூடும், மாதவிலக்கு நிற்கும், கிளிட்டோரிஸ் பெரிதாகும். குரல் எட்டாம் வகுப்புப் பையன் போல உடையத் தொடங்கும். மளிகைக் கடைக்குப் போன் செய்து பொருள் சொன்னபோது, எதிர் முனையில் "சரிண்ணா" என்று சொன்னதைக் கேட்டு அந்தத் தம்பி போனை வைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டானாம். அது நான்காவது மாதம். தாடி முடி ஆறு மாதத்துக்கு மேல் தொடங்கி, நிறைந்து வர நான்கைந்து வருடம்கூட ஆகும். உங்கள் அப்பாவுக்கும் மாமன்மாருக்கும் வழுக்கை என்றால் உங்களுக்கும் வரலாம். மார்பு மறையாது; அதற்கு ஆபரேஷன்தான்.

குரல், தாடி, கிளிட்டோரிஸ் வளர்ச்சி இந்த மூன்றும் ஊசியை நிறுத்தினாலும் திரும்பாது. இதை முதல் ஊசிக்கு முன்பே யோசித்துவிடுங்கள்.

ஊசியில் வகை உண்டு. இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு முறை போடுகிறதும் உண்டு. 1000 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன் அன்டெகனோயேட் ஊசி பத்திலிருந்து பதினான்கு வாரத்துக்கு ஒரு முறை. எல்லாமே எண்ணெயில் கரைத்தது, மெதுவாகத்தான் ஏற்ற வேண்டும், இரண்டு நாள் வலிக்கும். சஸ்டனான் என்ற ஊசியில் இருப்பது நிலக்கடலை எண்ணெய். கடலை சேராதவர்கள் கட்டாயம் டாக்டரிடம் சொல்லுங்கள். அந்த 1000 மில்லிகிராம் ஊசிக்குப் பிறகு அரை மணி நேரம் ஆஸ்பத்திரியிலேயே இருங்கள். அரிதாகச் சிலருக்கு எண்ணெய் நுரையீரலுக்குப் போய் இருமலும் மூச்சுத் திணறலும் வரும்.

ஜிம் மாஸ்டர் அதே ஊசியைத் தரேங்கிறாரே?

வேண்டாம். தசை ஏற்றுவதற்கு அவர்கள் போடும் அளவே வேறு, மருந்து அசலா போலியா என்பதும் தெரியாது. டெஸ்டோஸ்டிரோன் ரத்தச் சிவப்பணுக்களைப் பெருக்கும். அளவு மீறினால் ரத்தம் கெட்டியாகி அடைப்பு வரலாம். ரத்தப் பரிசோதனையில் ஹீமட்டோக்ரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) என்று ஒரு வரி இருக்கும். அது 54 சதவீதத்தைத் தாண்டினால் டாக்டர் மருந்தைக் குறைப்பார் அல்லது நிறுத்தி வைப்பார். ஜிம்மில் அந்த வரியை யார் பார்ப்பார்கள்?

மாதவிலக்கு நின்னுடுச்சு. கர்ப்பம் ஆகாதுதானே?

ஆகலாம். டெஸ்டோஸ்டிரோன் கருத்தடை மருந்து இல்லை. ஆணோடு உறவு இருந்தால் ஆணுறையோ வேறு கருத்தடையோ அவசியம். கரு தங்கிவிட்டால் டெஸ்டோஸ்டிரோன் அதைப் பாதிக்கும். நின்ற மாதவிலக்கு பல மாதம் கழித்துத் திரும்ப வந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். கீழே வறட்சியும் எரிச்சலும் வருவது சகஜம், அதற்குத் தடவுகிற மருந்து உண்டு. மகளிர் மருத்துவரின் வாசலில் தாடியோடு உட்கார்வது எவ்வளவு கூச்சம் என்று தம்பி சொன்னான். யாரையாவது துணைக்குக் கூட்டிப் போங்கள். பார்க்காமல் மட்டும் விடாதீர்கள்.

பின்னாடி குழந்தை வேணும்னா?

தொடங்கும் முன்பே யோசிக்க வேண்டிய கேள்வி இது. ஈஸ்ட்ரோஜன் எடுத்தால் விந்தணு குறைந்து நின்றுபோகலாம். நிறுத்தினால் திரும்பும் என்று உத்தரவாதம் இல்லை. விதைப்பை எடுத்துவிட்டால் அந்தக் கதவு மூடிவிட்டது. ஹார்மோனுக்கு முன்பே விந்தணுவையோ கருமுட்டையையோ உறைய வைக்கலாம். அது தனியார் மையங்களில்தான், வருடா வருடம் பணம் கட்ட வேண்டும். 2021-ல் வந்த செயற்கைக் கருத்தரிப்புச் சட்டம் திருமணமான தம்பதிகளையும் பெண்களையும் மனதில் வைத்து எழுதியது. அதனால் பின்னால் அதைப் பயன்படுத்த என்ன வழி என்று மையத்தில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இருபது வயதில் "எனக்கெதற்கு குழந்தை" என்றுதான் நானும் சொன்னேன்.

மனசு எப்படி இருக்கும்? சும்மா சும்மா அழுகை வருதே?

பலருக்கு மனது லேசாகும். காதுக்குள் வருடக்கணக்கில் ஓடிக்கொண்டிருந்த ஒரு இரைச்சல் நின்றது போல என்றுதான் என்னால் சொல்ல முடிகிறது. ஈஸ்ட்ரோஜன் எடுப்பவர்களுக்குக் கண்ணீர் சீக்கிரம் வரும். திருநம்பிகள் பலர், அழ வேண்டும் போல இருக்கும், அழுகை வராது என்கிறார்கள். ஊசி போடும் தேதி நெருங்கும்போது எரிச்சலும் சோர்வும் வந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். இடைவெளியைக் குறைத்துச் சிறிய அளவாகப் போட்டால் சரியாகும்.

ஆனால் ஹார்மோன் எல்லாவற்றையும் தீர்க்காது. வாடகைக்கு வீடு தராதவர் அப்போதும் தரமாட்டார். தூக்கமே இல்லை, சாப்பிடவே தோன்றவில்லை, உயிரை விட்டுவிடலாம் என்று நினைப்பு வந்தால் உடனே ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். 104-க்குக் கூப்பிடலாம், டெலி மானஸ் 14416-க்குக் கூப்பிடலாம். இரண்டும் இலவசம், எந்நேரமும் எடுப்பார்கள்.

எத்தனை தடவை ரத்தம் எடுக்கணும்?

முதல் வருடம் ஏறக்குறைய மூன்று மாதத்துக்கு ஒரு முறை, பிறகு வருடத்துக்கு ஒன்றிரண்டு முறை. திருநங்கைகளுக்கு எஸ்ட்ரடையால் ஒரு மில்லிலிட்டருக்கு 100 முதல் 200 பிகோகிராம், டெஸ்டோஸ்டிரோன் ஒரு டெசிலிட்டருக்கு 50 நானோகிராமுக்குக் கீழே என்பது டாக்டர்கள் பொதுவாக வைத்துக்கொள்ளும் இலக்கு.

லேப் சீட்டில் ஒரு சிக்கல் உண்டு. பாலினக் கட்டத்தில் என்ன போட்டிருக்கிறதோ அந்தக் கணக்குப்படிதான் கம்ப்யூட்டர் "அதிகம்", "குறைவு" என்று தடித்த எழுத்தில் அச்சடிக்கும். 'ஆண்' என்று பதிந்திருந்தால் உங்கள் எஸ்ட்ரடையால் எகிறியது போலவும் ஹீமோகுளோபின் விழுந்தது போலவும் தெரியும். அதைப் பார்த்து வீட்டிலேயே மாத்திரையை நிறுத்திவிட்டவர்கள் உண்டு. சீட்டை டாக்டரிடம் கொண்டு போங்கள்.

முடி கொட்டாமல் இருக்க பயோட்டின் மாத்திரை எடுப்பவர்கள், ரத்தம் கொடுப்பதற்கு இரண்டு மூன்று நாள் முன்பே நிறுத்துங்கள். ஹார்மோன் பரிசோதனையின் முடிவையே அது தவறாகக் காட்டிவிடும். கடைசி மாத்திரையோ ஊசியோ எப்போது எடுத்தீர்கள் என்பதையும் குறித்துச் சொல்லுங்கள்.

டி.பி. மாத்திரை, ஏ.ஆர்.டி. (எச்.ஐ.வி. மருந்து), வலிப்பு மாத்திரை சாப்பிடுறேன். ஹார்மோன் எடுக்கலாமா?

எடுக்கலாம், ஆனால் இரண்டு டாக்டருக்கும் தெரிய வேண்டும். டி.பி.க்குத் தரும் ரிஃபாம்பிசின், வலிப்புக்குத் தரும் ஃபெனிட்டாயின், கார்பமசிபைன் ஆகியவை ஈஸ்ட்ரோஜனை உடம்பு வேகமாகக் கழித்துவிடச் செய்யும். ஏ.ஆர்.டி. மையங்களில் இப்போது பெரும்பாலும் தரும் டொலுடெக்ரவிர் மாத்திரையால் ஹார்மோனுக்குப் பெரிய தொந்தரவு இல்லை. ஹார்மோனுக்காக ஏ.ஆர்.டி.யை நிறுத்துவது மட்டும் எக்காலத்திலும் கூடாது.

நிர்வாணம் முடிஞ்சிருச்சு. இனிமே மாத்திரை எதுக்கு?

இதைத்தான் நான் மிகவும் கவலையோடு எழுதுகிறேன். நிர்வாணம் என்று நாம் சொல்கிற, ஆணுறுப்பும் விதைப்பையும் எடுக்கும் ஆபரேஷன் முடிந்து, நாற்பதாம் நாள் சடங்கும் முடிந்து, மஞ்சள் பூசிப் புடவை கட்டியாகிவிட்டது. எல்லாம் ஆயிற்று என்று பலர் மாத்திரையை விட்டுவிடுகிறார்கள். டெஸ்டோஸ்டிரோனை அடக்குகிற மாத்திரையை விடலாம். அதற்கு இனி வேலை இல்லை. ஈஸ்ட்ரோஜனை விடக் கூடாது. இப்போது உங்கள் உடம்பு இரண்டில் எதையும் போதுமான அளவு சுரப்பதில்லை. ஏதாவது ஒரு ஹார்மோன் இல்லாமல் எலும்பு நிற்காது.

எங்கள் நானிக்கு (எங்கள் குருவுக்குக் குரு, பாட்டி முறை) நாற்பத்தைந்து வயதுக்குள் முதுகு கூனிவிட்டது. இளம் வயதில், டாக்டரிடம் போகாமல், தாயம்மா என்கிற மூத்த திருநங்கை கையால் நிர்வாணம் ஆனவர், ஒரு நாளும் ஹார்மோன் எடுத்ததில்லை. குளியலறையில் லேசாக வழுக்கியதற்கே மணிக்கட்டு உடைந்தது. ஸ்கேன் எடுத்த டாக்டர் "எழுபது வயது எலும்பு போல இருக்கிறது" என்றார். முகம் காந்துவது, ராத்திரி வியர்ப்பது, காரணமில்லாத அசதி எல்லாவற்றையும் வயதாகிறது என்றே நினைத்திருந்தார். சாதாரணமாக ஒரு பெண்ணுக்கு மாதவிலக்கு நிற்கிற ஐம்பது வயது வரையாவது ஈஸ்ட்ரோஜன் தேவை. பிறகு தொடர்வதா என்று டாக்டரோடு பேசி முடிவு செய்யலாம். உங்கள் ஜமாத்தில் (நம் திருநங்கைக் குடும்பத்தில்) மூத்தவர்கள் யாராவது இப்படி இருந்தால், எலும்பு அடர்த்தி பார்க்கும் டெக்ஸா ஸ்கேனுக்கு அவர்களைக் கூட்டிப் போங்கள்.

நடுவுல நிறுத்தினா என்ன ஆகும்?

விதைப்பையோ சினைப்பையோ இருந்தால் பழைய ஹார்மோன் மெதுவாகத் திரும்பும். தோல், கொழுப்பு, மாதவிலக்கு பழைய நிலைக்குப் போகும். வளர்ந்த மார்பு போகாது, உடைந்த குரல் திரும்பாது. நிறுத்த விரும்புவது தோல்வியோ குற்றமோ இல்லை. பணம், வேலை, வீடு, மனமாற்றம் என்று ஆயிரம் காரணம் இருக்கலாம். டாக்டரிடம் சொல்லிவிட்டு நிறுத்துங்கள்.

வீட்ல எப்ப சொல்றது?

இதற்கு எல்லோருக்கும் பொருந்துகிற பதில் என்னிடம் இல்லை. அடிப்பார்கள், பூட்டி வைப்பார்கள் என்றால், தங்க இடமும் கையில் காசும் தேடிக்கொண்ட பிறகு சொல்லுங்கள். அப்படி இல்லையென்றால், உடம்பு சொல்வதற்கு முன் நீங்கள் சொல்வது நல்லது. சில மாதத்தில் சட்டைக்குள் மறைப்பது கஷ்டமாகிவிடும். என் அம்மாவிடம் நான் சொல்லவில்லை. துணி துவைக்கும்போது என் சட்டைப் பையில் மாத்திரை அட்டையைப் பார்த்துவிட்டாள். என்ன மாத்திரை என்று அவள் கேட்கவில்லை. "சாப்பாட்டுக்கு முன்னாடியா பின்னாடியா?" என்று கேட்டாள்.

முதல் தடவை போகும்போது என்ன கொண்டு போகணும்?

ஆதார் அட்டை, இருந்தால் திருநங்கை அடையாள அட்டை. இதுவரை தானாக ஏதாவது மருந்து எடுத்திருந்தால் அந்த அட்டையை அப்படியே கொண்டு போங்கள், கடைசி மாத்திரை காலியாகியிருந்தாலும். டாக்டர் திட்டுவார் என்று மறைக்க வேண்டாம். வீட்டில் யாருக்காவது மாரடைப்பு, பக்கவாதம், ரத்தக் கட்டு, மார்பகப் புற்றுநோய் வந்திருக்கிறதா என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கேள்விகளை ஒரு தாளில் எழுதுங்கள். அந்த நாற்காலியில் உட்கார்ந்ததும் எல்லாம் மறந்துபோகும். ஓ.பி. சீட்டில் எந்தப் பெயரைக் கூப்பிட வேண்டும் என்று எழுதுபவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். வெறும் வயிற்றில் ரத்தம் எடுப்பார்கள், அதனால் முடிந்ததும் சாப்பிட ஒரு பன்னாவது பையில் வையுங்கள். கூட வர ஒருவர் கிடைத்தால் கூட்டிக்கொண்டு போங்கள். வரிசை நீளமாக இருக்கும்.